மூதி

முக்கூடலுக்கு வாக்கப்பட்டு வந்து எட்டு மாசம்.
பீடிச் சுளகு மடியில் பழகிவிட்டது.
இலையை நனைத்துச் சாக்கில் சுருட்டி வைக்க,
தகடு வைத்து வெட்ட, தூள் சிந்தாமல் உருட்ட,
கடைசி மடக்கை நகத்தால் குத்தி மூட
எல்லாம் அத்தைதான் சொல்லித் தந்தாள்,
ஒரு தடவைகூடச் சத்தம் போடாமல்.

"சாப்பிட்டியாம்மா."
"வெயில்ல நிக்காதம்மா."
"இலை காயுதும்மா, கொஞ்சம் பாரு."
எத்தனை ம்மா.
கொடுத்து வச்சவ நீ, என்கிறாள் எதிர்வீட்டுக்காரி,
ஒரு சுடுசொல் உண்டா உன் மாமியார் வாயிலே?

இல்லை.
அதுதான்.

முப்பிடாதி வருவாள் ஆலங்குளத்திலிருந்து,
மாசத்துக்கு ஒருமுறை, இடுப்பில் பிள்ளையோடு.
அவள் வாசலை மிதிக்கும் முன்னே தொடங்கிவிடும்.
"ஏ மூதி, பச்சப்பிள்ளை தலையில ஒரு துணி போடக் கூடாதா?"
"உன் தலையைப் பாரு, எண்ணெய் கண்டு எத்தனை நாளாச்சு?
உக்காருட்டி. ஏட்டி, உக்காருன்னா."
அவள் முனகிக்கொண்டே உட்காருவாள்.
அத்தையின் இரண்டு முட்டுக்கும் நடுவில்
ஒரு முதுகு பொருந்துகிற இடம் இருப்பது
அப்போதுதான் தெரியும்.
நான் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன்.
இருபத்தைந்து எண்ண வேண்டியது
இருபத்தேழு ஆகியிருக்கும்.

பத்தாம் வகுப்பு வரை எனக்குச் சடை போட்டது அய்யா.
மாட்டுக்குக் கயிறு திரிக்கிற கை.
அவிழவே அவிழாது,
கண் ரெண்டும் காதுப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.
அம்மா என்று எங்கள் வீட்டில் இருந்தது
ரேஷன் கார்டில் ஒரு பெயர்.
அதன்மேல் ஆபீசர் போட்ட கோடு,
ஸ்கேல் வைத்தது போல அவ்வளவு நேர்.

தலைப்பொங்கலுக்கு அய்யா படி கொண்டுவந்தார்,
டிவிஎஸ்ஸில், கரும்புத்தோகை ரோட்டை உரச.
பானை, அரிசி, வெல்லம், மஞ்சள்குலை, பனங்கிழங்கு.
அகப்பையை மறந்துவிட்டார்.
எனக்கு அது உறைக்கும்போது
பொம்பளைகள் பார்க்க வந்தாகிவிட்டது.
அத்தை பானைக்குள் கையை விட்டாள்.
புதுச் சிரட்டை அகப்பை ஒன்று வெளியே வந்தது.
"சம்பந்தி ஒண்ணையும் விடலை" என்றாள் பொதுவாக.
காம்பில் எங்கள் தெருமுனைக் கடையின் விலைச்சீட்டு.
ராத்திரி அதைச் சுரண்டி எடுத்து
டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன்.
நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போதாதா அது, என்று கேட்டால்
போதாது.
பேராசை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய் ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்தோம்.
மேலே பாபநாசத்தில் தண்ணீர் திறந்ததை
யாரும் சொல்லவில்லை.
கால்விரலிடையில் மணல் ஓடியது முதலில்.
அப்புறம் அத்தையின் அரக்குச் சேலை
கல்லை விட்டு மெதுவாக நகர்ந்தது,
பயணம் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி.
பின்னாலேயே போனேன். முழங்கால். இடுப்பு.

"ஏட்டி! ஏ சவத்து மூதி!
சேலை போனாப் போவுது, ஏறி வாட்டி!
கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

நின்றேன்.
தண்ணீர் இழுக்க இழுக்க, இன்னும் ஒரு நிமிஷம்,
காது கேளாதவள் போல, வேண்டுமென்றே.
அவள் இறங்கி வந்து மயிரைப் பிடித்துத்தான் இழுத்தாள்.
கரையேறியதும் முதுகில் ஒன்று வைத்தாள்.
அப்புறம் தன் முந்தானையால்
என் தலையை, தேங்காய் நார் உரிப்பது போலத் துவட்டினாள்.
அவள் கை நடுங்கியது.
எனக்குச் சிரிப்பாக வந்தது, அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சுளகோடு எதிரே உட்கார்ந்து,
இலையைப் பார்த்தபடி:
"ஆத்திரத்துல சொல்லிட்டேம்மா.
மனசுல வச்சுக்கிடாத."

"வச்சுக்கிடுவேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்ச நேரம்.
பிறகு கட்டை எண்ணத் தொடங்கினாள்.
இருபத்தாறில் நிறுத்தி, பிரித்துப் போட்டு,
மறுபடியும் ஒன்றிலிருந்து.