ஒப்பீட்டுக் குழு

ஒரு ஆளுக்கு இரண்டாயிரம் செல்.
நடுவில் ஃபோன் எடுத்தால் போச்சு,
மறுபடி ஒன்றிலிருந்து.
கோயில் வாசலில் கூட்டம் எண்ண
கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருப்பார்களே,
அந்தக் கருவிதான் என்னிடமும்.

பீன்யா செகண்ட் ஸ்டேஜில்
குரோம் பூசும் பட்டறைகள்.
ஐஸ் குச்சியால் உள்கன்னம் சுரண்டி
கண்ணாடியில் தேய்த்து எடுத்து வந்தோம்.
"வலிக்குமா மேடம்?" என்றார் மாதையன்,
பன்னிரண்டு வருடமாக
ஆரஞ்சுத் தொட்டியின் ஆவிக்கு
முகம் கொடுத்து நிற்பவர்.
அவர் மூக்கின் நடுச்சுவரில் ஒரு ஓட்டை.
மூச்சு விட்டால் விசில் வரும்.
"பசங்களுக்கு அதான் வேடிக்கை."

பீடி உண்டா, புகையிலை உண்டா,
இந்த வருடம் எக்ஸ்ரே எடுத்தீர்களா:
அவர் சொல்லும் ஒவ்வொரு 'ஆமா'வும்
என் எண்ணிலிருந்து கொஞ்சம் பலத்தை
உருவிக்கொள்ளும்.

நல்ல செல்லுக்கு நடுவில் ஒரே ஒரு உட்கரு.
சிலதில், ஓரமாக, கடுகளவு இன்னொன்று.
செல் இரண்டாகப் பாகம் பிரிக்கையில்
யார் பேருக்கும் எழுதாமல் விடுபட்ட
கால் சென்ட் நிலம்.
ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு எவருக்கும் இருக்கும்.
கூடினால்தான் பேச்சு.

முதலாளி கேட்டார்: யாருக்காவது வியாதி இருக்கா?
இல்லை.
அப்புறம்?

அந்த அப்புறம் இருபது வருட நீளம்.
சுடுகாட்டுப் பதிவேட்டைக் கூட்டிப் பார்ப்பது
சந்தேகமில்லாத கணக்கு.
என்ன, கூட்டி முடிக்கும்போது
பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு
பதில் கேட்க ஆள் இருக்காது.

ஒப்பிட ஆட்கள் வேண்டும்.
அதே வயது, அதே ரேஷன் அரிசி, அதே தெருக் குழாய்,
ஆனால் தொட்டிப் பக்கமே போகாதவர்கள்.
மனைவிகளைக் கூப்பிடலாமே என்றேன்.
யோசனை என்னுடையது.
மீட்டிங்கில் பாராட்டினார்கள்.

ஸ்லைடுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஆள் தெரிந்தால் கண் சாய்ந்துவிடும்.
முப்பத்தொன்றாம் நம்பரில் பத்தொன்பது.
தொட்டிக்காரர் என்று மனசுக்குள் எழுதிவிட்டேன்.
எழுதக் கூடாது. எழுதினேன்.
வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தார்கள்.
முப்பத்தொன்று: பச்சியம்மாள், வயது முப்பத்தாறு,
மாதையன் மனைவி.
பட்டறை வாசலை மிதிக்காதவர்.

"இது மட்டும் தனியாத் துருத்துது, எடுத்துரலாமா?"
என்றார் புள்ளியியல் பார்க்கும் ஹெக்டே.
கெட்ட மனிதர் இல்லை.
கோடு நேராக வர வேண்டும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஹெக்கனஹள்ளிக்குப் போனேன்.
மாடிப்படிக்குக் கீழே துவைகல்.
காக்கிச் சட்டையை முதலில் உதறினார்,
பிறகு பக்கெட்டில் அமுக்கினார்.
தண்ணீர் மஞ்சளாகத் திறந்துகொண்டது.
இரண்டு கிளிப்பை வாயில் கவ்வியபடியே
"வாங்க, உக்காருங்க" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.
"எனக்கு வருமா?"
நூறு பேர் கூட்டத்துக்குச் சொல்லலாம்,
ஒரு ஆளுக்குச் சொல்ல முடியாது என்றேன்.
உண்மைதான்.
படித்ததைச் சொல்ல இவ்வளவு
நாக்கு உலர்ந்ததில்லை.
அவர் கொஞ்ச நேரம் பக்கெட்டைப் பார்த்தார்.
"அப்ப இந்தத் துணிய எங்க தொவைக்கறது?"

எங்கள் படிவத்தில் அறுபத்திரண்டு கேள்விகள்.
அது இல்லை.

முப்பத்தொன்றை எடுக்க விடவில்லை நான்.
ஒருத்தியின் பத்தொன்பது எதையும் நிரூபிக்காது,
தெரியும், அதனால்தான்
அறுபத்து மூன்றாவதாகப் பேனாவால் எழுதினேன்:
வேலைத் துணியைத் துவைப்பவர் யார்?

திங்கட்கிழமை
ஸ்டோரில் இன்னொரு பெட்டி குச்சி கேட்டேன்.
"தொட்டிக்கா, ஒப்பீட்டுக்கா?" என்றார்
பேனா மூடியைக் கழற்றியபடி.
ரெஜிஸ்டரில் இரண்டு பத்திகள்தான்.