வலது கீழ் மூலை

கிரிம்ஸ்பி கல்லூரிக் கணினி அறையில்
ஹீட்டர் வேலை செய்யாத நவம்பர்.
இதழின் பெயர் உச்சியில், தடித்த எழுத்தில்.
கெஸ்டரின் தலைமுடி அதில் ஓர் எழுத்தையாவது
மறைத்தாக வேண்டும்.
மறைத்தாலும் தெரிகிற அளவுக்கு
ஊரறிந்த இதழாம்.
இதுவரை ஒரு பிரதிகூட அச்சாகவில்லை.

நிறம் மூன்றுக்கு மேல் கூடாது. எழுத்துரு இரண்டு.
கண்கள் வாங்குகிறவரைப் பார்க்க வேண்டும்.
நாற்பத்தொரு படம் எடுத்தேன்.
அத்தனையிலும் அவன்
பேஸ் கிடாரின் தடித்த கம்பியைத்தான் பார்க்கிறான்.

மஞ்சள் வட்டத்துக்குள்
'பிரத்யேகம்!' என்று அலறவிட்டேன்:
முதல் ஆல்பம், முழு விவரம் உள்ளே.
புதன்கிழமை இசைக்குழு உடைந்தது.
வெள்ளி கடைசி நாள்.
வட்டத்தை எடுத்துப் பார்த்தேன்,
பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது அந்த இடம்.
திரும்ப வைத்துவிட்டேன்.

வலது கீழ் மூலையில் பார்கோடு,
சமையலறை அலமாரியில் கைக்கு வந்த
எதிலிருந்தோ எடுத்து ஒட்டியது.

சூப்பர்மார்க்கெட்டில் இரவு ஷிஃப்ட்.
கல்லாவில் கெஸ்டர் தன் முகத்தையே
கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
அட்டையைச் சிவப்பு ஒளியில் காட்டினான்.
பீப்.
பூனை உணவு, எண்பத்தைந்து பென்ஸ்.

நிமிர்ந்து சிரித்தான்,
நேராக என்னைப் பார்த்து.
கேமரா வீட்டில் இருந்தது.