இரண்டாவது அடி

"இட்லி ஊத்துற மாதிரி வாசிக்கிறீங்க அக்கா,
எல்லாக் குழியிலயும் ஒரே அளவு மாவு,"
என்றாள் செரின்.
அவளுக்கு இருபத்திரண்டு வயது.
வேப்பேரியில் டயர் கடைக்கு மேல் மாடி,
ஏசி இருக்கிறது, ஓடாது.

எனக்கு நாற்பத்தாறு.
கடற்கரை – தாம்பரம் லோக்கலில் கார்டு.
கொடி, விசில், டார்ச்,
தாமதம் எழுதும் நோட்டு.
அரை நிமிடத்தையும் விடமாட்டேன்.

மசூர்கா என்றாள்.
போலந்துக் கிராமத்தில் பூட்ஸ் காலால்
தரையை உதைத்து ஆடியதாம்.
மூன்று அடி என்றதும்
தகிட என்று பிடித்துக்கொண்டேன்.
தகிட தகிட தகிட
எட்டு வயதில் தொடை சிவக்கத் தட்டிய திஸ்ரம்தானே.
"அதுதான் பிரச்சினையே.
மூணும் ஒரே எடை இல்ல.
முதல் அடி கால் ஊன்றது.
ரெண்டாவதுல மனசு மாறணும்.
மூணாவது,
வேற வழியில்லாம வர்றது."

பெரம்பூர் குவார்ட்டர்ஸில் இருப்பது
மின் பியானோ.
அண்ணா நகர்ப் பையன் ஒருவன்
நீட் கோச்சிங்கில் சேர்ந்ததும் விற்றுவிட்டார்கள்.
நடுக் கட்டையில் அவன் ஒட்டிய ஸ்டிக்கரின் பசை
கட்டைவிரலை இன்னும் ஒரு கணம் பிடித்து வைக்கும்.
டூட்டி முடிந்து பதினொன்றரைக்கு
ஹெட்ஃபோன் மாட்டினால் எனக்கு இசை,
இளவழகனுக்கு வெறும் டொக் டொக்.
"யாரோ ராத்திரி பூரா
மாத்திரை அட்டையை அமுக்குற மாதிரி இருக்கு,"
சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்புவார்.

ருபாட்டோ என்றால் களவு.
ஒரு சுரத்தில் நேரத்தைத் திருடி நிற்க வேண்டும்,
அடுத்த சுரங்களில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.
"கொடுக்காட்டி?"
"போலீஸ் வராது. காதுக்குத் தெரியும்."
இருபது வருடம் தாமதத்தை எழுதியவளுக்குத்
தாமதிக்கச் சொல்லித் தருகிறாள்.
தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்:
இங்கே கூட அரை,
அங்கே குறைய அரை.
கணக்கு நேரானது.
பாட்டு நேராகவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை,
மாம்பலம், எட்டு நாற்பத்தொன்று.
சிக்னல் பச்சை.
கிளம்ப இரண்டு மணி அடிக்க வேண்டும் நான்,
டிங், டிங்,
மோட்டார்மேனுக்கு அதுதான் உத்தரவு.
ஒன்று அடித்துவிட்டேன்.
ரங்கநாதன் தெருவையே
முதுகில் சுமந்து வந்ததுபோல் ஒருத்தி
மேம்பாலப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.
இடுப்பில் குக்கர் பெட்டி,
கையில் அறுந்த செருப்பு,
பின்னால் ஒரு சின்னப் பெண்
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து
இறங்கினாள்.
விரல் பொத்தானின் மேல் இருந்தது.
அழுத்தவில்லை.
மழை அந்த இடைவெளியில்
தகரக் கூரைமேல் பெய்தது, முன்னும் பெய்திருக்கும்.
குக்கர் ஏறியது. சின்னப் பெண் ஏறினாள்.
செருப்பு ஏறியது.
பிறகுதான்
டிங்.

பல்லாவரம் வருவதற்குள்
மோட்டார்மேன் வில்வநாதன்
கேட்காமலே அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.
நோட்டில் நான் எழுதவில்லை.

அன்று இரவு பன்னிரண்டுக்கு
இளவழகன் புரண்டு படுத்துச் சொன்னார்:
"இன்னிக்கு மாத்திரை இல்ல.
யாரோ வீட்டுக்குள்ள நடக்குறாங்க.
ஒரு கால் லேசா சாய்ச்சு வைக்கிறாங்க."
அந்த இசையை அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை.
கழற்றி மாட்டலாமா என்று
ஹெட்ஃபோனைத் தூக்கினேன்.
தூங்கியிருந்தார்.

சனிக்கிழமை பெருமையோடு
செரினிடம் வாசித்துக் காட்டினேன்.
நெற்றியைச் சொறிந்தாள்.
"இப்போ எல்லா இடத்துலயும் நிக்கிறீங்க.
எல்லாருமே ஓடி வர்றாங்களா என்ன?
யாருக்குன்னு பார்த்து நில்லுங்க."

கீழே டயர் கடையில்
நட்டு கழற்றும் மிஷின்
அதன் போக்கில் அலறி ஓய்ந்தது.
ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டேன்.
முதல் பக்கம், நான்காவது வரி.
வலது கை மேலே.
ஒன்று,
இரண்


டு