கடைசியாகக் காணப்பட்ட இடம்

இரவுப் பணிக்கு நீ போன பிறகு
உன் ஆட்டத்தைத் திறந்தேன், வனஜா.
வெளியே சாட்ஸ்வொர்த் சரிவில் எவனோ
கிளம்பாத காரைக் கிளப்பிக்கொண்டே இருந்தான்.

துப்பறிகிறவளுக்கு உன் பெயர் இல்லை.
காணாமல் போனவனுக்கு என் பெயர்:
பூபாலன், வயது நாற்பத்திரண்டு,
கடைசியாகக் காணப்பட்ட இடம் சோபா.

சிரித்தேன்.
அப்புறம் தடயப் பையைப் பிரித்தேன்.
நனைந்த கையுறை ஒன்று.
பேசாமலே துண்டித்த பதினோரு அழைப்புகள்.
ஆறிப்போன கோப்பை,
ரேகை உண்டு, ஆள் இல்லை.

எழுபது மணி நேரம் தேடியிருக்கிறாய்.
விடுதியின் அறை அறையாகத் தட்டி,
புளுகிய தோட்டக்காரனைக்கூட மன்னித்து,
மாடியின் கடைசிக் கதவில் வந்து நின்றுவிட்டாய்.

திறக்கலாமா,
வழக்கை மூடலாமா என்று கேட்கிறது திரை.
அம்புக்குறி 'மூடு'வின் மேல் இருந்தது.
நான் தொட்டதில் நகர்ந்ததோ என்னவோ.

அட்டவணைப்படி நாலு மணிக்கு மின்சாரம் போனது.
கறுத்த கண்ணாடியில்
ஒருத்தன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

விடிந்ததும் வந்தாய்.
ஒற்றைக் காலில் நின்று செருப்பைக் கழற்றியபடி
"தூங்கலையா?" என்றாய்.

எத்தனை மணிக்கு
எங்கெங்கே இருந்தேன் என்று
வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.