நில் என்கிற கம்பி

இரவெல்லாம் பனி. விடிந்து பார்த்தால்
தொழுவத்துக் கதவுக்குக் குறுக்கே
பீச் மரம் படுத்திருக்கிறது.
உள்ளே பசு, மடி கனத்துக் கத்துகிறது.
ராச்சா மலையில் அந்நேரம்
அதற்குப் பதில் சொல்ல சியாலாவைத் தவிர ஆளில்லை.

ரம்பத்தை இழுத்து வந்தாள்.
சோவியத் காலத்துச் சங்கிலி ரம்பம்,
ஆட்டுக்கடா கொம்புபோல இரண்டு கைப்பிடி.
தொட்டியின் மேல் பாதி உரிந்த ருஷ்ய எழுத்து: த்ருஷ்பா.
நட்பு என்று அர்த்தம்.
பேர் வைத்தவன் ஒருநாளும்
இதைக் கயிறு பிடித்து இழுத்திருக்க மாட்டான்.

பதினாறு இழுப்பு.
ஒரு இருமல்கூட இல்லை.
சூடானது தோள்பட்டை மட்டும்.

குராம் போலந்தில், கோழி வெட்டும் ஆலையில்.
இடைவேளை இருபது நிமிடம்,
கையுறை கழற்றவே மூன்று போகும்.
"பிளக்கைக் கழட்டு. ஈரமா, காஞ்சிருக்கா?"
"ஈரம்."
"அப்ப பெட்ரோல் வருது. நெருப்புத்தான் இல்ல."
இதைச் சொல்லவா போலந்து போனாய்
என்று கேட்க வந்ததை
பிளக்கோடு சேர்த்துத் துடைத்தாள்.

தீப்பொறியை வெளிச்சத்தில் தேடக்கூடாதாம்.
கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்தினாள்,
அவளும் மிஷினும் ஒரே இருட்டுக்குள்.
பிளக்கின் இரும்பை சிலிண்டரில் சாய்த்து
முழங்காலால் அமுக்கி
இழுத்தாள்.
இருட்டு இருட்டாகவே இருந்தது.
பெட்ரோல் வாசனையும்
போன குளிர்காலத்து மரத்தூளும்.

"பாயின்ட் கரி பிடிச்சிருக்கும்.
காகிதத்தை நடுவுல விட்டு இழு."
மின்சார பில்லின் ஓரத்தைக் கிழித்தாள்.
சக்கரத்தின் சின்ன ஜன்னல் வழியே விட்டு எடுக்க
பாக்கித் தொகைக்குப் பக்கத்தில்
ஒரு கறுப்புக் கோடு.
"இடைவெளி?"
"எதை வச்சு அளக்க?"
"கண்ணாடி அலமாரியில என் பிளேடு கிடக்கும்.
நாலை ஒண்ணா அடுக்கினா சரியா இருக்கும்."

இருந்தன.
இரண்டு வருடமாக யார் முகத்தையும் தொடாமல்
துருப்பிடித்து.
சுரண்டி நான்காக அடுக்கி நுழைத்தாள்.
அளவு சரி. பொறி இல்லை.

"அப்ப காயில்தான் போச்சு," என்றான்.
"புது காயில் குத்தாய்சியில கேட்டுப் பாக்கணும்..."
மணி அடித்தது அங்கே.
கோழிகள் காத்திருக்கின்றன.
பசுவும்தான், என்று இவள் சொல்லுமுன்
தொடர்பு போயிற்று.

விரைத்த விரலால்
சும்மா இருக்க முடியாமல்
நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள், விட்டாள்.
அமுக்கினாள்.
இது எதையும் மூடுவதில்லையே, என்று தோன்றியது.
கதவைச் சாத்துகிற பொத்தான் அல்ல இது,
திறந்துவிடுகிற பொத்தான்:
பிறந்த மின்னல் பிளக்குக்குப் போகாமல்
இரும்பு வழியே ஓடி
வீணாய்ப் போக ஒரு வாய்க்கால்.

அப்படியென்றால், அமுக்காமலே
அமுங்கிக் கிடந்தால்?

பொத்தானிலிருந்து உள்ளே போகும் வயர்.
நடுவில் டேப் சுற்றல்: ஊருக்குப் புறப்பட்ட வாரம்
குராம் அவசரத்தில் சுற்றியது.
டேப் உதிர்ந்து, செம்பு வெளியே வந்து
சட்டத்தோடு கன்னம் வைத்து உறங்குகிறது.
பெட்ரோல் இருந்தது, காற்று இருந்தது,
காந்தம் பழுதில்லை, காயில் பழுதில்லை.
இரண்டு வருடமாக யாரோ உள்ளே
நில், நில் என்று
முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

வயரைப் பிடுங்கினாள்.
சால்வைக்குள் போக நேரமில்லை,
பிளக்கின் தொப்பியைக் கையாலேயே பிடித்து இழுத்தாள்.

கடித்தது!
முழங்கை வரை ஒரு வெடுக்கென்ற கடி.
தன்னைக் கடித்த ஒன்றைப் பார்த்து
அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மூன்றாம் இழுப்பில் புகை,
ஐந்தாவதில் மலை முழுக்கச் சத்தம்.
பீச் மரம் ஆறு துண்டாயிற்று.
நிறுத்தப் பொத்தான் இல்லாததால்
சோக்கை இழுத்து மூச்சடைக்க வைத்துத்தான்
நிறுத்த வேண்டியிருந்தது.
பால் கறந்தாள், பாதி தரையில்.

ராத்திரி குராம் கூப்பிட்டான்.
"காயில்தானே?"
மேசையில் நான்கு பிளேடு,
புதிதாகச் சுற்றிய டேப்பின் மிச்சம்.

"ஆமா," என்றாள்,
"காயில்தான். நீ சொன்ன மாதிரியே.
எப்ப வர்றே?"