இரண்டு மதிப்பெண் வினா

சேலம், மே மாதம். விடைத்தாள் திருத்தும் கூடம்.
மின்விசிறி சுற்றுகிறது; காற்று வேறு யாருக்கோ போகிறது.
காலைக்கு முப்பது தாள், மாலைக்கு முப்பது.
சிவப்பு மை சுண்டுவிரல்வரை ஏறிவிட்டது.

பத்தொன்பதாவது தாள்.
பெயரைக் கிழித்தெடுத்துவிட்டார்கள்.
எண் மட்டும்.
ஊரை விடைக்குள்ளேயே விட்டுவைத்திருந்தது அந்தக் கை.

களம் என்றால் என்ன?
*ஏற்காடு என்றால் பனி என்று எழுதலாம்.
நாகலூரில் எங்களுக்கு அது
நான்கு நாளாய்க் காயாத பள்ளிச் சட்டை.*

கதைப்பின்னல்?
*கொண்டை ஊசி வளைவு இருபது என்று
இந்த அறையில் எல்லோரும் எழுதுவார்கள்.
அது சாலை.*

சிரித்துவிட்டேன்.
திருத்திய பதினெட்டில் ஏழு தாள்
அந்த வளைவில்தான் ஏறியிருந்தது.

தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம்: வேறுபடுத்துக.
*எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியதாஸ்
சனிக்கிழமைக் கூலியில் ஐம்பது ரூபாய் பிடிக்கும்போது தட்டை.
மகளுக்கு வலிப்பு வந்த இரவில்
எங்கள் கதவைத்தான் தட்டினார்.*

நோக்குநிலை?
*சில்வர் ஓக்கில் மிளகு பறிக்க ஏறிய அண்ணனுக்கு
மேகமும் கொத்தும் தெரிந்தன.
கீழே ஏணியைப் பிடித்திருந்த எனக்கு
அவனுடைய குதிகால் இரண்டும்.
காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டது படர்க்கை:
கால் வழுக்கி.*

நம்பத்தகாத கதைசொல்லி?
*மேலே உள்ள விடையைப் பார்க்க.*

பார்த்தேன்.

*ஏணியைப் பிடித்திருந்த.*
அந்த இரண்டு சொல்லில் மட்டும் மை பருத்திருந்தது.
அழுத்தி எழுதியதா,
அடித்துவிட்டு மேலே எழுதியதா,
வெளிச்சத்தில் பிடித்தும் தெரியவில்லை.

"வரையறை இல்லை, நாவல் பெயர் ஒன்றுமில்லை,
குறிப்பில் இல்லாததுக்குப் போடாதீங்கம்மா"
என்றார் முதன்மைத் தேர்வாளர் தங்கவடிவேல்.
நியாயமான மனிதர்.
டீ வந்தால் முதல் டம்ளரை என் பக்கம் நகர்த்துவார்.

விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
சொல்வது வேறு, நடந்தது வேறு என்பதை
வாசிப்பவர் கண்டுகொள்ள வேண்டும் என்றிருந்தது.

கண்டுகொண்டேனே.
இரண்டுக்கு இரண்டு.

மேலே நோக்குநிலைக்கு வந்தபோது
பேனா நின்றது.
பொய் என்றால் சுழியமா?
பொய்யை ஒப்புக்கொண்டால் எவ்வளவு?
யாரிடம் ஒப்புக்கொண்டது,
அறுபது தாளுக்கு ஒருநாள் படி வாங்கும் என்னிடமா?

கூட்டலில் இரண்டுமுறை பிசகி
மூன்றாம் முறை சரியாக வந்தது.
கட்டில் கவிழ்த்து வைத்தேன்.

இருபதாவது தாள்.
*கதைப்பின்னல் என்பது
ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது
கொண்டை ஊசி வளைவுகளைப் போன்றது.*

ஒன்றரை போட்டேன்.