சரியான கேபிள்

பிறை தொழிற்பேட்டை. இரவு ஒன்றே கால்.
எமர்ஜென்சி பொத்தானைத் திருகி விடுவித்ததும்
மேசை தறிகெட்டு ஓடி
வலது ஓரத்தில் முட்டி நின்றது.
டிரைவில் சிவப்பு எழுத்து.
ரஃபிக்குல் மைலோவைக் கீழே வைத்துவிட்டு
"மூன்றாவது தடவை, காக்கா" என்றான்.
மலாயில் அது அக்கா.
என் தமிழ்க் காதில் மட்டும்
ஒவ்வொரு முறையும் ஒரு காகம் உட்கார்ந்து எழும்.

மோட்டாருக்குக் கண் கிடையாது.
அதன் முதுகில் ஒரு கண்ணாடித் தட்டு சுழல்கிறது,
மயிரினும் மெல்லிய கோடுகள் கிழித்த தட்டு.
கோடு கடக்கும்போதெல்லாம்
இரண்டு கம்பிகள் சேதி சொல்லும்.
ஏ முந்திக்கொண்டால் முன்னே.
பி முந்திக்கொண்டால் பின்னே.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம்.

பெல்ட்டைக் கழற்றித்
தண்டைக் கையால் திருப்பினேன்,
ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுவதுபோல, மெதுவாக.
ஆஸிலோஸ்கோப்பில் இரண்டு கோட்டை மதில்கள்
ஏறி, இறங்கி, ஏறி.
ஏ முன்னால், பி கால்பங்கு பின்னால்.
ஐந்து வோல்ட் ஐந்தாகவே வந்து சேர்ந்தது.
ஷீல்டுக்கு ஒரே முனையில் எர்த்.
நேற்று கோலாலம்பூரிலிருந்து வந்த புதுக் கேபிள்,
ஒவ்வொரு பின்னும் வரைபடத்தில் உள்ளபடி.
ரிப்போர்ட் எல்லாம் நார்மல்.
நோயாளியைத்தான் கட்டிலில் பிடித்து வைக்க முடியவில்லை.

மேனேஜர் கோர் போன் செய்தார்.
ஏழு மணிக்கு லாரி, முந்நூற்று இருபது பிராக்கெட்.
"போலே?" என்றார்.
முடியுமா என்று கேட்பதற்கும்
முடி என்று சொல்வதற்கும்
அவரிடம் அந்த ஒரு சொல்தான்.

இரண்டே முக்காலுக்குக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன்.
பழைய கேபிள்.
மடங்கி மடங்கித் தோல் வெடித்து
எண்ணெய் குடித்துக் கனத்துக் கிடந்தது.
மல்டிமீட்டர் முனைகளை இருபுறமும் வைத்தேன்.
சிவப்பு, பீப். கறுப்பு, பீப்.
பச்சைக்குப் பச்சை வைத்தேன்.
சத்தமில்லை.
பேட்டரி போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.
பச்சைக்கு மஞ்சள் வைத்தேன்.
கத்தியது.

பதினொரு வருஷம் ஒழுங்காக ஓடிய கேபிள்
பிறவியிலேயே தப்பு.

அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தேன்.
மோட்டாருக்குப் போகும் இரண்டு தடித்த வயர்கள்
இடம் மாறி முடுக்கப்பட்டிருந்தன.
கன்ட்ரோலரின் பாராமீட்டரில்
யாரும் வைக்காத இடத்தில் ஒரு மைனஸ் குறி.
முதல் தப்பை மூட இரண்டாவது,
இரண்டாவதை நேராக்க மூன்றாவது.
மூன்றும் தோளில் கைபோட்டு
இத்தனை வருஷம் மைக்ரான் பிசகாமல் வேலை செய்திருக்கின்றன.
நான் போய் ஒன்றை மட்டும் சரியாக்கிவிட்டேன்.

வயரில் சுற்றிய டேப்பில்
பால்பாயிண்டில் ஒரு தேதி. பெயர் இல்லை.
திட்ட வாயெடுத்தேன்.
அன்றைக்கும்
ஏழு மணிக்கு ஒரு லாரி நின்றிருக்கும்.

மூன்றையும் திருத்தலாம்தான்.
பூஜ்யப் புள்ளியை மறுபடி பிடித்து
எல்லா புரோகிராமையும் ஓட்டிப் பார்க்க
முழுசாக ஒரு நாள் வேண்டும்.
சால்டரிங் அயர்னைச் செருகினேன்.
அது சூடாகும்வரை
வெளியே போய் நின்றேன். மழை விட்டிருந்தது,
காற்றில் வெந்த சர்க்கரை வாசனை.

பிறகு உள்ளே வந்து
முந்நூற்று எண்பது ரிங்கிட் கேபிளை,
குறை சொல்ல ஒன்றுமில்லாத கேபிளை,
என் கையாலேயே தப்பாக்கினேன்.
பச்சை இருந்த இடத்தில் மஞ்சள்.
மஞ்சள் இருந்த இடத்தில் பச்சை.

பொத்தானை விடுவித்தபோது
ரஃபிக்குல் இரண்டடி பின்னால் போனான்.
மேசை நின்ற இடத்திலேயே நின்றது.
மோட்டார் மெல்ல முனகியது,
கனம் ஒன்றை அசையாமல்
ஏந்தி நிற்பவர் விடும் மூச்சுபோல.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினேன்,
மலாயிலும், கீழே தமிழிலும்:
வரைபடத்தை நம்பாதே.
பச்சை மஞ்சள் மாறியிருக்கிறது.
சிவப்பு கறுப்பு மாறியிருக்கிறது. மைனஸைத் தொடாதே.
மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்று.
தேதி போட்டேன்.
தனேஸ்வரி என்று பெயரும் போட்டு
போன் நம்பரும் எழுதினேன்.

முதல் பிராக்கெட்டைக் கழுவி
அளந்து பார்த்துக்கொண்டே ரஃபிக்குல் கேட்டான்,
"சுடா பெத்துல், காக்கா?"
சரியாகிவிட்டதா என்கிறான்.
பெத்துல் என்று சொல்ல வாய் வரவில்லை.
"ஜாலான்" என்றேன்.
ஓடுகிறது.